மறைவு என்ற சொல்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி ஒரு பக்கம், பேரன் வந்திருந்தது ஒரு பக்கம். இன்றுதான் மேசையில் உட்கார முடிந்தது.

முதலில் ஒரு செய்தி. நம் பிரெஞ்சு சார் போய்விட்டார். 87 வயது, தூக்கத்திலேயே. பால் வாங்கப் போனபோது தெருமுனையில் சுவரொட்டியைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். பெரிய எழுத்தில் ‘மறைவு’ என்று போட்டு, கீழே அவர் படம், அதே சோடாபுட்டிக் கண்ணாடி. பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். துக்கம்தான். ஆனால், சொன்னால் திட்டாதே, கூடவே அந்தச் சொல்லும் பிடித்துக்கொண்டது. உனக்கு எழுதவேண்டிய பதில் சுவரில் ஒட்டியிருந்த மாதிரி இருந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் பெரெக்கின் நாவலை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, “கெட்டிக்காரத்தனம் சரி, இத்தனை பக்கத்துக்கு ஒரு எழுத்தை விட்டுவிட்டு எழுதி என்ன கண்டார்?” என்று கேட்டிருந்தாய். உதடு ஒட்டாமல் ஒரு அந்தாதியே பாடிய சிவப்பிரகாசரை மனப்பாடம் செய்த நீயா இதைக் கேட்கிறாய்? சரி, கேட்டது நியாயம்தான்.

1969இல் வந்த அந்த நாவலில் ஆங்கிலத்தில் நாம் ‘ஈ’ என்று சொல்லும் எழுத்து ஓரிடத்திலும் கிடையாது. பிரெஞ்சில் அதிகம் புழங்கும் எழுத்தே அதுதான். கதையில் காணாமல் போகிறவன் பெயர் வ்வாய்ல். ‘உயிரெழுத்து’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அந்த எழுத்தைக் கழற்றி, வாலையும் நறுக்கினால் அவன் பெயர். அத்தியாயங்கள் ஒன்றிலிருந்து 26 வரை. ஐந்தாவது மட்டும் இருக்காது. நீ அச்சுப் பிழை என்று நினைத்திருப்பாய். அகரவரிசையில் அந்த எழுத்தின் இடம் ஐந்து.

இது விளையாட்டு என்றே வைத்துக்கொள். ஆனால் விளையாடுகிறவர் யார் என்று பார். பெற்றோர் போலந்திலிருந்து பாரிசுக்கு வந்த யூதர்கள். அப்பா 1940இல் போர்முனையில் செத்தார். அம்மாவை 1943இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ஏற்றி அனுப்பினார்கள்; திரும்பவில்லை. பையனுக்கு அப்போது ஏழு வயதுகூட நிறையவில்லை. இப்போது சார் வகுப்பில் உதட்டைக் குவித்துக் குவித்துச் சொல்லிக்கொடுத்த அந்த எழுத்தின் பெயரை நினைத்துப் பார். பிரெஞ்சில் அதன் ஒலியும் ‘அவர்கள்’ என்ற சொல்லின் ஒலியும் காதுக்கு ஒன்றே. அந்த எழுத்து இல்லாத புத்தகம் என்றால், அவர்கள் இல்லாத புத்தகம். 1975இல் வெளியிட்ட இளம்பருவ நினைவு நூலை அந்த ஓரெழுத்துக்குத்தான் சமர்ப்பித்தார். வாய்விட்டுப் படித்தால் ‘அவர்களுக்கு’ என்றுதான் கேட்கும்.

நாவலின் பிரெஞ்சுத் தலைப்பையும் பார். ‘டிஸ்பாரிசியோன்’ என்றால் காணாமல் போவது. ஒருவர் இறந்ததையும் பிரெஞ்சில் நாசூக்காக அப்படித்தான் சொல்வார்கள். மொழிபெயர்த்த கில்பர்ட் அடேருக்கு முதல் அட்டையிலேயே முட்டுக்கட்டை. ‘தி டிஸப்பியரன்ஸ்’ என்று போட்டால் விலக்கிய எழுத்து மூன்று முறை வந்து உட்கார்ந்துவிடும். வந்தாலும் ஆங்கிலத்தில் அதற்குச் சாவின் வாடை இல்லை. அவர் வைத்தது ‘எ வாய்ட்’: ஒரு வெற்றிடம். சேர்த்துப் படித்தால் ‘அவாய்ட்’, தவிர்த்துவிடு. இது மூலத்தில் இல்லாத சிலேடை, பெரெக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் சாவு போய்விட்டது. ‘அவர்களும்’ போய்விட்டார்கள். ஆங்கிலத்தில் அவர்களைக் குறிக்கும் ‘தே’, ‘தெம்’ எல்லாவற்றிலும் அந்த எழுத்து இருப்பதால் அடேரால் எழுதவும் முடியவில்லை, ஒலி வேறு என்பதால் காதில் போடவும் முடியவில்லை. நீ கேட்ட கேள்விக்கு மொழிபெயர்ப்பாளர் பொறுப்பில்லை. அவர் கையில் இருந்த மொழி அப்படி.

மற்றபடி அடேர் அசகாய சூரர். ‘தி’ இல்லை, ‘ஷி’ இல்லை, இறந்தகாலத்து வால் பாதிக்கு மேல் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஹாம்லெட்டின் ‘இருப்பதா, இல்லாமல் போவதா’வைக்கூட அந்த எழுத்து இல்லாமல் பேச வைத்துவிட்டார். பெரெக் பிரெஞ்சுக் கவிதைகளைக் கிண்டிய இடத்தில், இவர் ஆங்கிலக் கவிதைகளைக் கிண்டுகிறார். இதை விசுவாசமின்மை என்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் விசுவாசம். இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளர் கெனோவின் ‘ஸாஸி’ நாவல் ஒரே மூச்சில் ஒட்டிய வசவுச் சொல்லோடு தொடங்கும், ஞாபகமிருக்கிறதா? ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்தில் கூட்ட நாற்றம் தாங்காத ஆள். பார்பரா ரைட் அதை ஆங்கிலத்தில் ‘ஹவ்கனேஸ்டிங்க்ஸோதோ’ என்று ஒட்டினார். நாமானால் ‘எங்கேந்துடாஇந்தநாத்தம்’ என்போம். அங்கே காதும் மூக்கும் போதும். பெரெக்கிடம் அது போதாது.

இப்போது சுவரொட்டிக்கு வருகிறேன். நம் ‘மறைவு’க்கு இரண்டு அர்த்தமும் இருக்கிறதே! காணாமல் போனாலும் மறைவு, செத்தாலும் மறைவு. ஆங்கிலம் கைவிட்ட இடத்தில் தமிழ் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. பெரெக்கை ஸ்பானியத்தில் செய்தவர்கள், ஆங்கிலத்தில் நாம் ‘ஏ’ என்று சொல்லும் முதல் எழுத்தை விலக்கினார்கள், அங்கேயும் அது மிக அதிகம் புழங்கும் எழுத்துகளில் ஒன்று. ஜப்பானியம் நம்மைப்போல உயிர்மெய் மாதிரியான எழுத்து; அதில் மொழிபெயர்த்தவர் இகர வரிசையையே தூக்கிவிட்டார். நாமும் இ, ஈ இரண்டையும் உயிர்மெய்யோடு சேர்த்துத் தூக்கினால் என்ன? ‘மறைவு’ தப்பித்துவிடும். ஆனால் நிகழ்காலம் போச்சு, ‘இல்லை’ போச்சு, ‘தமிழ்’ என்றே எழுத முடியாது.

நேற்று மாலை உனக்கே அப்படி எழுதிப் பார்த்தேன். ‘மாலை மழை வந்தது. வாசல் கதவைச் சாத்தப் போனேன். தெரு முழுதும் நனைந்த வேப்பம்பூ. சார் ஞாபகம் வந்தது.’ இதுவரை வந்துவிட்டது. ‘கடிதம்’ கூடாது, ‘தோழி’ கூடாது, அதையெல்லாம் சமாளிக்கலாம். அடுத்த வரியில் ‘நீ இங்கே இருந்திருந்தால்’ என்று எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. ‘தாங்கள்’ என்று போடலாம்தான். நாற்பது வருஷப் பழக்கத்துக்கு அப்புறம் உன்னைப் போய்த் தாங்கள் என்று எழுதவா?

16ஆம் நாள் காரியத்துக்கு வருகிறாயா என்று எழுது. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
புதுச்சேரிக்காரி