சீசரைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள ஏற்காடு, சேலம் சொந்தங்களுக்கு வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நேரிலேயே கைகூப்பிவிட்டேன். ஆனால் அன்றைக்கு இருந்த நிலையில் சிலரிடம் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

அப்பாவுக்கு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. ஊரில் ராஜாண்ணன் என்றால்தான் தெரியும். எங்கள் நாய்க்கு சீசர் என்று பெயர் வைத்தது அவர்தான். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு வளர்த்த டெரியர் நாயின் பெயர் அது. அதைக் குளிப்பாட்டிச் சீவிவிட அரண்மனையில் தனியாக ஓர் ஆள் உண்டு. தூங்குவது ராஜாவின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில். 'நான் சீசர், ராஜாவுக்குச் சொந்தம்' என்று அதன் கழுத்துப்பட்டையில் எழுதியிருக்கும். 1910 மே மாதம் மன்னர் இறந்தபோது, ஒன்பது மன்னர்கள் கலந்துகொண்ட இறுதி ஊர்வலத்தில், அவர்களுக்கெல்லாம் முன்னால், சவப்பெட்டிக்குப் பின்னால் அந்தச் சின்ன நாயை நடத்திக் கூட்டிப்போனார்கள். விண்ட்சரில் ராஜாவின் கல்லறைச் சிலைக்குக் காலடியில் சீசரையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்த இடம் வந்தால் அப்பாவின் குரல் இறங்கிவிடும்.

எங்கள் சீசர் டெரியர் இல்லை. நாகலூர் சாலையோரம் மழையில் நனைந்து கிடந்த நாட்டுக் குட்டி. சேலம் கடைவீதியில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்து அப்பா ஒரு பித்தளைத் தகடு செய்துகொண்டு வந்தார். அதிலும் அதே வாசகம்: நான் சீசர், ராஜாவுக்குச் சொந்தம். பின்பக்கம் அவருடைய போன் நம்பர்.

நெஞ்சுவலி என்று 108 வண்டியில் அப்பாவைக் கீழே கொண்டுபோன ராத்திரி, சீசர் பின்னாலேயே ஓடியதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா சோறு வைத்துவிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. படத்தை வாட்ஸாப்பில் போட்டுவிட்டு ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை அப்பா நினைவு திரும்பியபோது, "சீசருக்குச் சோறு வெச்சீங்களா?" என்று கேட்டார். வெச்சாச்சுப்பா என்றேன்.

மூன்றாம் நாள் விடிகாலையில் அப்பா போய்விட்டார். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது என் சட்டைப்பையில் இருந்த அவருடைய போன் அடித்தது. "ராஜாங்களா? உங்க நாயி இங்க படுத்துக் கெடக்குதுங்க."

மலைப்பாதை வளைவில் பலாப்பழம் விற்கும் அம்மா, முதல் நன்றி உங்களுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் அது இறங்கியிருந்தது. உள்ளங்கால் தேய்ந்து சதை தெரிந்தது, விரலிடுக்கில் தார் ஒட்டியிருந்தது. நீங்கள் தண்ணீர் காட்டி, தூக்குப்போசியில் இருந்த உங்கள் தயிர்சோற்றை உருண்டை பிடித்து ஊட்டியிருக்கிறீர்கள். அப்பா இல்லை என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் உங்களிடமிருந்து பேச்சே வரவில்லை. "அப்ப அது அவரத் தேடித்தான் எறங்கியிருக்குது சாமி" என்றீர்கள். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

மேலே போகும் பேருந்தை நிறுத்தி ஏற்றிவிட்டதும் நீங்கள்தான். கடைசி சீட்டில் தன் துண்டை விரித்துப் படுக்கவைத்த கண்டக்டர் அண்ணன், வளைவுகளில் மெதுவாகத் திருப்பிய டிரைவர் அண்ணன், வழியெல்லாம் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்த கல்லூரித் தம்பி, மூவருக்கும் நன்றி. அப்புறம் அந்த கால்நடை டாக்டரம்மா. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாகக் கழுவி மருந்து வைத்துக் கட்டினார். பணத்தை நீட்டியதற்கு, "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். படத்தைப் பகிர்ந்த அத்தனை பேருக்கும் நன்றி.

சாயங்காலம் அப்பாவை எடுத்தோம். சீசரால் நடக்க முடியவில்லை. எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பையன் ஒருவன், பன்னிரண்டு வயசு இருக்கும், யாரும் சொல்லாமலே அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பாடைக்குப் பின்னால் வந்தான். பெரியவர்கள் விலகி அவனுக்கு வழி விட்டார்கள். கனமான நாய் அது. இடுகாடு வரைக்கும் அவன் இறக்கவே இல்லை. தம்பி, உனக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எப்போது வேண்டுமானாலும் வா, சீசரோடு விளையாடு.

கால் ஆறிவருகிறது. இப்போது அப்பாவின் சாய்வு நாற்காலிக்குக் கீழேதான் படுக்கிறது, சாப்பிடுகிறது.

கண்டக்டர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை: உங்கள் துண்டு எங்களிடம்தான் இருக்கிறது. அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறார். எந்த நேரத்து வண்டியில் வருகிறீர்கள் என்று யாரிடமாவது சொல்லியனுப்புங்கள், ஒண்டிக்கடையில் நின்று கொடுக்கிறேன்.

நன்றியுடன்,
ராஜாண்ணன் வீட்டிலிருந்து