உன் பெயரில் இருக்கும் கணக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் இப்போதெல்லாம் நீ சீக்கிரமாக வைத்துவிடுகிறாய். நான் பேச நினைத்தது வாய்க்கு வருவதற்குள் அழைப்பு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நவம்பரில், நீ பணிப்பெண்ணாகப் பறந்த விமானத்தின் சன்னல் வழியாக எடுத்து அனுப்பிய துருவ ஒளிப் படத்தை அம்மா தெரு முழுவதும் காட்டிவிட்டாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தேதியைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியாக உறக்கமில்லை. 2025 நவம்பர் 11 அன்று சூரியனில் எக்ஸ்5.1 அளவுள்ள (எக்ஸ் என்பதுதான் மிக வலுவான வகை) வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. அதிலிருந்து கிளம்பிய புரோட்டான்களின் விளைவு, தரையில் வைத்திருக்கும் நியூட்ரான் கருவிகளிலேயே பதிவாகும் அளவுக்கு வலுவாக இருந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அவ்வளவு பெரிய பதிவு இல்லை என்கிறார்கள். நீ படம் எடுத்த பச்சை ஒளி உன்னை ஒன்றும் செய்யாது. அது நூறு கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் நிகழ்வது. அதை உண்டாக்கும் துகள்களுக்கு நீ பறக்கும் உயரம் வரை இறங்கி வரும் ஆற்றல் இல்லை. ஆற்றல் உள்ளவை வேறு துகள்கள். அவை வெடிப்பு நடந்த சில நிமிடங்களிலேயே வரத் தொடங்கி, மேல்காற்றில் மோதி, நியூட்ரான்களாகவும் மற்றவையாகவும் சிதறிக் கீழே இறங்குகின்றன. கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்தப் பகலில் நீ வானத்தில் இருந்தாயா, தரையில் இருந்தாயா என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஒரு பயணத்தில் உடம்பில் ஏறும் கதிர்வீச்சின் அளவு சிறியது என்பது, எக்ஸ்ரே அறையிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்த எனக்குத் தெரியாததா? என் சட்டையில் எப்போதும் குத்தியிருந்த, கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் உனக்கு நினைவிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்புவோம், அளவு எழுதி வரும், நான் அதைக் குறிப்பேட்டில் ஏற்றுவேன். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். எந்த ஆண்டும் அது 1 மில்லிசீவர்ட்டைத் தொட்டதில்லை. நீ இருக்கும் ஜெர்மனியில் விமானத்தில் வேலை செய்கிறவர்களின் சராசரி ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட். ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு சுவருக்குப் பின்னால் நின்ற உன் அப்பாவைவிட, புன்னகையோடு உணவுத் தட்டு நீட்டுகிற நீ அதிகம் வாங்குகிறாய். உன் உடையிலோ பேட்ஜ் இல்லை.

பேட்ஜ் இல்லையே தவிர, கணக்கு இருக்கிறது. பாதை, உயரம், நேரம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு பயணத்துக்கும் கணினியில் கணக்கிட்டு, அங்குள்ள கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகத்தின் பதிவேட்டில் உன் பெயரில் ஏற்றவேண்டும் என்பது சட்டம். அந்த எண்ணைக் கேட்டு வாங்கு என்று போன ஆண்டே சொன்னேன். "எல்லோரும்தானே அப்பா பறக்கிறார்கள்" என்றாய். இவ்வளவு படித்த பெண், தன் உடம்பின் கணக்கை ஏன் கேட்காமல் இருக்கிறாய்?

சாதாரண நாளில் உங்கள் வடக்குப் பாதையில் மணிக்கு 5 மைக்ரோசீவர்ட் அளவில் இருக்கும் (ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி). சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 2019 முதல் நடத்தும் எச்சரிக்கை முறையில் 30 என்பது மிதமான நிலை, 80 என்பது கடுமையான நிலை. 80 என்றால் பன்னிரண்டரை மணி நேரத்தில் ஒரு முழு மில்லிசீவர்ட் சேர்ந்துவிடும். சூரியப் புயல் அவ்வளவு நேரம் அதே உச்சத்தில் நிற்பது அரிது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2003 அக்டோபர் புயலின்போது, உயர் அட்சரேகைகளில் 25,000 அடிக்கு மேல் பறப்பவர்களை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. உயரத்தைக் குறைப்பதும் தெற்கே விலகுவதும்தான் வழி. ஆனால் அந்த முடிவு விமானி அறையில் எடுக்கப்படுவது. உன் கையில் இல்லை. ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், விருப்பம் தெரிவிப்பது உன் கையில் இருக்கிறது. இந்தத் துகள்களைத் தடுக்கும் பூமியின் காந்தக் கவசம் மிகவும் பலமாக இருக்கும் இடங்களுள் நம் தென்னிந்தியா ஒன்று. சென்னைப் பயணங்களைக் கேட்டு வாங்கினால் என்ன? இதில் அம்மாவின் ஆசையும் கலந்திருக்கிறது, ஆனாலும் சொல்வது உண்மை.

எங்கள் அறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை நீ சிறுவயதில் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாய். உள்ளே வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்டிருக்கிறேன். கேட்காமல் ஒருவருக்கும் படம் எடுத்ததில்லை. பெற்ற மகளிடம் அப்பா அதைக் கேட்க முடியாது. ஆகையால் பொதுவாகவே எழுதுகிறேன். கருவுற்ற பணியாளரின் குழந்தைக்கு, பிறக்கும்வரை 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேரக்கூடாது என்று ஐரோப்பியச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, நிறுவனத்துக்குத் தெரிவித்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. ஊரார் கண் படக்கூடாது, மூன்று மாதம் முடியட்டும் என்று நம் வீட்டில் காத்திருப்பது வழக்கம். அந்த மூன்று மாதங்கள்தான் கவனம் மிக வேண்டிய மாதங்கள். முதல் மூன்று மாதங்களில் 0.36 மில்லிசீவர்ட்டும் அதற்கு மேலும் விண்கதிர் பெற்ற பணிப்பெண்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக இருக்கக்கூடும் என்று 2015-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. இரவு விழிப்பும் உடலுழைப்பு மிகுந்த வேலையும் அதில் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. பெரியத்தை வீட்டில் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஊராருக்குச் சொல்ல வேண்டாம்; நிறுவனத்தின் மருத்துவருக்குச் சொல். அப்படி ஒரு நிலை இப்போது இல்லையென்றாலும், வரும்போது முதல் வாரத்திலேயே சொல். பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று நினைக்காதே. நீ அந்த வேலைக்குத் தேர்வானபோது வேண்டாம் என்று சொன்ன உறவினர் அத்தனை பேரையும் எதிர்த்து நின்றவன் நான். இப்போதும் வேலையை விடச் சொல்லவில்லை. தரையில் செய்யும் வேலையை ஒரு வருடம் செய், பிறகு மீண்டும் பற.

இந்த வாரமே உன் கணக்கைக் கேட்டு வாங்கு. நவம்பர் மாதத்துக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத் தனியாகக் கேள். எண்ணை எனக்கு எழுது. பார்த்துச் சொல்லத் தெரிந்தவன் வீட்டில் இருக்கிறேன். வேறு ஏதாவது சொல்ல இருந்தால் அம்மாவிடம் சொல், அவள் என்னிடம் சொல்லிவிடுவாள்.

அன்புடன்,
அப்பா