சோற்றை விட்ட சேகோ மில்காரர்

அம்மாப்பேட்டை, சேலம்
ஆடி 22

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? அனுப்பிய மல்கோவா வந்து சேர்ந்ததா? சேர்ந்திருந்தால் யார் தின்றது? நீ தொட்டிருக்க மாட்டாய், தெரியும்.

"சோத்தை அடியோட நிறுத்திட்டேன்டி, கிடுகிடுன்னு இறங்குது, நீயும் நிறுத்து" என்று நீ அனுப்பிய செய்திக்கு நான் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்ததில் உனக்குக் கோபமாம். சுகுணா சொன்னாள். அவள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும் என்றாலும் மீதிப் பாதி நிஜமாகத்தான் இருக்கும். சொல்ல நிறைய இருந்தது, மீனா. போனில் ஆரம்பித்தால் நீ ஒரு வாக்கியத்தை முடிக்க விடமாட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா?

எங்கள் வீட்டிலும் அந்தக் காற்று அடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது. அடித்தது யாரை என்கிறாய்? இவரைத்தான். மாமனார் காலத்திலிருந்து குச்சிக்கிழங்கு அரைத்து ஜவ்வரிசி ஆக்கி, மகாராஷ்டிராக்காரர்கள் விரதத்துக்குக் கிச்சடி கிண்ட லாரி லாரியாக அனுப்பிப் பிழைக்கிற குடும்பம். அந்த மில்லுக்கு முதலாளி, "மாவுச்சத்து விஷம்" என்று ஒருநாள் காலையில் காப்பியைச் சர்க்கரை இல்லாமல், அதில் வெண்ணெயைப் போட்டுக் குடித்துக்கொண்டே அறிவித்தார். "அப்படின்னா மில்லை மூடிட்டு நாமக்கல்லுல கோழிப்பண்ணை வைக்கலாங்களா முதலாளி?" என்று கணக்குப்பிள்ளை கேட்டாராம். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

யாரோ நடத்துகிற போன் குழு. பேர் வேண்டாம். காலையில் முட்டை, மத்தியானம் கறி, ராத்திரி பனீர், நடுவே பாதாம். கேரட் கூடாது, சுண்டல் கூடாது, பழம் பக்கமே போகக்கூடாது. சாயங்காலம் வழக்கமாகப் போகிற தட்டுவடை செட்டுக் கடையில் நின்றுகொண்டு, "தட்டுவடை இல்லாம ஒரு செட் போடு" என்றார் பார். அந்தப் பையன் துருவின பீட்ரூட்டும் வெங்காயமும் சட்னியுமாக ஒரு தட்டில் அள்ளி வைத்துவிட்டு, இதற்கு என்ன விலை சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் எனக்கு இரண்டு செட் சொல்லி இவர் எதிரிலேயே தின்றேன்.

முதல் வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது. தெருவே அறிந்தது. நீ சொன்ன அதே "கிடுகிடு". மீனா, நாம் இரண்டு பேரும் விலங்கியல் படித்தவர்கள். தவளை மேடம் கிளைக்கோஜனை எத்தனை முறை போர்டில் எழுதிப் போட்டிருப்பார்? தின்ற மாவுச்சத்தை உடம்பு அப்படித்தான் சேர்த்து வைக்கிறது, ஈரலிலும் தசையிலுமாகச் சுமார் அரைக் கிலோ சேமிப்பு. ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பு முதலில் அந்தச் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவு செய்கிறது. கூடவே தண்ணீரும் போகிறது. இவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன்: "களத்துல ஈர மாவைக் காயப்போட்டா எடை குறையுதே, அதை மாவு குறைஞ்சதுன்னு கணக்கு எழுதுவீங்களா?" பதில் இல்லை. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி கழிய வேண்டும். அது ஒரு வாரத்தில் மூன்று கிலோ போகிற காரியமில்லை.

இதுவரைக்கும் வேடிக்கை. இனிமேல் சொல்வதை நிதானமாகப் படி.

ஆனி கடைசி முகூர்த்தத்தில் ஏற்காட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலையிலிருந்த பீன்ஸ் பொரியலையும் காலிஃபிளவரையும் மட்டும் பொறுக்கிவிட்டு எழுந்துவிட்டார். இறங்கும்போது இவர்தான் வண்டி ஓட்டினார். தம்பி மகன் பின்னாலேயே தன் வண்டியில் வந்தான். நல்ல பனிமூட்டம். பாதி வளைவு தாண்டியிருக்கும், என்னமோ பேசிக்கொண்டே வந்தவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். நாக்கு குழறுகிறது. அந்தக் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வேர்வை. "ஓரமா நிறுத்துங்க" என்றேன். "எதுக்கு?" என்று என்மேல் சீறினார். இருபத்தெட்டு வருஷத்தில் இவர் என்னிடம் அப்படிச் சீறியதில்லை. நான் கை பிரேக்கை இழுத்துவிட்டேன். வண்டி அடுத்த வளைவின் பலகைக்கு முன்னால் நின்றது. ஸ்டியரிங்கில் இருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கல்யாண வாசலில் தட்டிலிருந்து கைநிறையக் கல்கண்டு அள்ளிக் கைப்பையில் போடுகிற என் புத்தி உனக்குத் தெரியும். முப்பது வருஷமாகக் கல்கண்டுத் திருடி என்று என்னைக் கூப்பிடுகிறவள் நீ. அதுதான் அன்றைக்கு உதவியது. நல்லவேளை, விழுங்குகிற நிதானம் இருந்தது. மென்று தின்னவைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. தம்பி மகன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் காட்டினான். கல்கண்டு தின்ற பிறகும் சர்க்கரை 66தான், இருக்க வேண்டியதைவிடக் குறைவு.

காரணம் எளிது. சோற்றை நிறுத்தினவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தவும் இல்லை, குறைக்கவும் இல்லை, டாக்டரிடம் சொல்லவும் இல்லை. இவர் போடுவது கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்து, ரத்தச் சர்க்கரையை இறக்குகிற மருந்து. வயிற்றுக்குள் சோறு வந்ததா இல்லையா என்று அது விசாரிக்காது. இன்சுலின் ஊசிக்கும் இதே கதைதான். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தப் பயம் பெரிதாக இல்லை. இப்போது நிறையப் பேருக்கு எழுதுகிற டப்பாகிளிஃப்ளோசின் வகைக்கு வேறு ஆபத்து: மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் கொழுப்பு எரியும்போது உண்டாகிற கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறிவிடலாம். அப்போது சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாகவே காட்டும், வாந்தியும் மூச்சிரைப்பும் மட்டும் இருக்கும். அது ஆஸ்பத்திரி சமாசாரம்.

சுகுணா வீட்டு வளைகாப்பில் சாப்பாட்டுக்கு முன்னால் நீ பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போட்டாய். அதன் பேரை நான் பார்க்கவில்லை. அந்த மாத்திரைதான் இந்தக் கடிதத்துக்கே காரணம்.

அடுத்து, உன் வாதத்துக்கு வருகிறேன். "மாவுச்சத்தை விட்டால்தான் எடை குறையும்." யார் சொன்னது? இவர் அடங்கின பிறகு நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் என்பவரின் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் மறு பாதிக்குக் கொழுப்பையும் குறைக்கச் சொல்லி ஒரு வருஷம் கவனித்தது. 2018இல் முடிவு வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரி 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. அந்த வித்தியாசம் கணக்கில் சேர்க்கிற அளவுக்கு இல்லை. இரண்டு பக்கமும் சர்க்கரையையும் மைதாவையும் ஒதுக்கி, காய்கறியை நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் நிறைய இறங்கினவர்களும் உண்டு, ஏறினவர்களும் உண்டு.

"இன்சுலின்தான்டி கொழுப்பைப் பூட்டி வைக்குது" என்பாய். அதையும் பார்த்திருக்கிறார்கள். கெவின் ஹால் என்பவர் 20 பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் முக்கால்வாசி மாவுச்சத்தும் இரண்டு வாரம் முக்கால்வாசி கொழுப்புமாகப் போட்டு, வேண்டுமட்டும் சாப்பிடுங்கள் என்றுவிட்டார். 2021இல் வெளியானது. மாவுச்சத்துச் சாப்பாட்டில் இன்சுலின் அதிகம்தான். ஆனால் அந்தச் சாப்பாட்டில் அவர்கள் தாமாகவே நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். நான் இதை இரண்டு தடவை படித்தேன்.

இதையும் கேள், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. வால்டர் கெம்ப்னர் என்று ஒரு டாக்டர், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர். டியூக் பல்கலைக்கழகத்தில் 1939இலிருந்து சிறுநீரக நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் என்ன கொடுத்தார் தெரியுமா? சோறு! சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. பிறகு குண்டானவர்களுக்கும் அதையே அளவு குறைத்துக் கொடுத்து, குறைந்தது 45 கிலோ இறங்கின 106 பேரைப் பற்றி 1975இல் கட்டுரையே எழுதினார். சோறு போட்டே இளைக்க வைத்திருக்கிறார் மனுஷன்! அதற்காக நாளைக்கே சோற்றுப் பானைக்குள் விழுந்துவிடாதே. உப்பில்லை, எண்ணெயில்லை, கூடவே டாக்டரின் கண்காணிப்பு. மனுஷி தின்கிற சாப்பாடே இல்லை அது. சோறு இருந்தால் எடை குறையாது என்கிற பேச்சு நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

பின்னே உனக்கு ஏன் இறங்குகிறது? சோற்றோடு கூடவே எது எதெல்லாம் போயிற்று என்று யோசி. பஜ்ஜி, பிஸ்கட், சாயங்கால முறுக்கு, அத்தை சுடுகிற அதிரசம், டீக்குச் சர்க்கரை. ஒரே விதியில் அத்தனை வாசலும் அடைபட்டுவிட்டது. முட்டையும் கறியும் பசி அடக்கும். மொத்தத்தில் உள்ளே போவது குறைந்தது, எடையும் குறைந்தது. அந்த வழி உனக்குச் சுலபமாக இருந்து, வருஷக்கணக்கில் ஓடுமென்றால் நான் மறிக்கவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு அதில் லாபமும் உண்டு, ரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பும் இறங்கும். சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது, அதைப் பரிசோதித்துப் பார்த்துக்கொள். ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் தின்னாமல் எத்தனை வருஷம் இருப்பாய் நீ? உன்னை எனக்குத் தெரியாதா?

நம் தட்டிலும் குற்றம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. பருப்பு எங்கே என்று சாம்பாரில் தேட வேண்டும். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்னது, தானியத்திலிருந்து கலோரி 45 சதவீதத்துக்கு மேல் போகவேண்டாம் என்று. அதுவும் குறைக்கச் சொல்வதுதான், ஒழிக்கச் சொல்வதில்லை. நான் செய்தது இவ்வளவுதான்: ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுகிறேன். ஒரு தடவைச் சோறு அதோடு போயிற்று. அந்த இடத்தில் தட்டைப்பயறுச் சுண்டலோ முட்டையோ. எண்ணெய்த் தூக்கைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துவிட்டேன். வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. சோற்றைத் திட்டுகிற யாரும் தாளிப்பைத் திட்டுவதில்லை, கவனித்தாயா? எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. பழைய ரவிக்கை சிலதில் கை நுழைகிறது. சாயங்காலம் நடை உண்டு, சர்க்கரை கட்டுக்குள் இருக்க அது உதவும். நடந்தே இளைத்துவிடலாம் என்று மட்டும் நம்பாதே.

இவருக்கு டாக்டர் மாத்திரையின் அளவைப் பாதியாக்கிவிட்டு, அளவாகச் சோறு எழுதிக் கொடுத்தார். இறங்கின மூன்று கிலோவில் இரண்டு திரும்ப வந்துவிட்டது. அதற்கு இன்னும் துக்கம் காக்கிறார். போன வெள்ளிக்கிழமை தெருவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார், கூட இரண்டு சின்ன வெங்காயம். குழுவிலிருந்து விலகிவிட்டதாகச் சொல்கிறார். போனைப் பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

உன் மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. என் பதிலுக்குக் காத்திருக்காமல் உன் டாக்டரிடம் போய், சோற்றை நிறுத்தியிருக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லு. அதுவரைக்கும் கைப்பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ இருக்கட்டும். வேர்த்து, கை நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பரிசோதித்துப் பார். குறைவாகவே இருந்தால் திரும்பவும் குடி. வண்டி ஓட்டாதே. அண்ணனிடமும் இதைச் சொல்லி வை, அவர் பயப்படுவார் என்று மறைக்காதே.

ஆவணியில் சுகுணா மகள் கல்யாணத்துக்கு முதல்நாளே வந்துவிடு. மண்டபம் செவ்வாய்ப்பேட்டையில். என் வீட்டில்தான் தங்குகிறாய்.

அன்புடன்,
கௌரி

பி.கு.: அத்தைக்குக் கஞ்சி வைக்க ஜவ்வரிசி கேட்டிருந்தாயே, நைலான் ஜவ்வரிசியா, மாவு ஜவ்வரிசியா? சொன்னால் வரும் லாரியிலேயே போட்டுவிடச் சொல்கிறேன்.