நோய் இல்லாத நாட்களின் வேலை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நோயே இல்லாத நேரத்தில் தடுப்பூசி ஆய்வுக்குப் படிவம் தயாரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அலுத்துவிட்டது, வேறு வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போக வேண்டாம்மா.

எபோலாவின் ஜயர் வகைக்கான தடுப்பூசி கனடாவில் வின்னிபெக் ஆய்வகத்தில் உருவானது. அது குரங்குகளைக் காப்பாற்றும் என்பது 2005-லேயே தெரிந்துவிட்டது. அதை மனிதர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்க்க 2014 ஆனது. மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த முறை பரவிய நோய் அடங்குவதற்குள் 11,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். 2015-ல் கினியில் நடந்த சோதனையில், உடனடியாக ஊசி போட்டுக்கொண்டவர்களில் பத்து நாளுக்குப் பிறகு ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

உகாண்டாவில் 2022-ல் வந்தது எபோலாவின் இன்னொரு வகை, சூடான் வகை. அதற்கென அங்கீகரிக்கப்பட்ட ஊசி இல்லை. சோதனை ஊசிகள் டிசம்பரில் போய்ச் சேர்ந்தபோது நோய் அடங்கிவிட்டது, சோதிக்க வழியில்லை. அலுப்பு அங்கே இருந்த ஆய்வாளர்களுக்கும் வந்திருக்கும். ஆனாலும் ஊசிகளைக் கம்பாலாவிலேயே வைத்து, ஆய்வுத் திட்டத்தையும் தயாராக வைத்திருந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று நோய் மறுபடி அறிவிக்கப்பட்டது. நான்கே நாளில் ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள்! அந்த நான்கு நாளுக்குப் பின்னால் இருப்பது நீ இப்போது செய்கிற வேலைதான்.

அப்புறம், ஒப்புதல் படிவத்தை வெறும் காகிதம் என்று எழுதியிருந்தாய். வளையத் தடுப்பூசி என்றால் நோயாளியோடு பழகியவர்களுக்கும், அவர்களோடு பழகியவர்களுக்கும் ஊசி போடுவது; அதற்கு நோயாளியின் வீட்டுக்கே போக வேண்டும். வாந்தியைத் துடைத்தது யார், துணி துவைத்தது யார், அவர்கள் யாருடன் பழகினார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்து எழுத வேண்டும். முந்தின நாள்தான் தாயை இழந்த ஒருவரிடம், உடலைத் தொட்டு வழியனுப்பக்கூட விடாத நாம், கை நீட்டச் சொல்லி இந்தப் படிவத்தை வாசிக்கப் போகிறோம். இது இன்னும் பலன் உறுதியாகாத ஊசி என்பதையும் அவரிடம் மறைக்கக் கூடாது. அவருக்குப் புரியாத ஒரு வரி இருந்தாலும் சந்தேகம் வரும். சந்தேகப்பட்டவர் ஊரைவிட்டுப் போய்விட்டால், அவருக்கு நோய் வருகிறதா என்று பார்க்கும் 21 நாள் கண்காணிப்பும் போச்சு.

அதனால் அடுத்த வரைவை முடித்ததும் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டு. எனக்கு எங்கே புரியவில்லை என்று சொல்கிறேன், அங்கே மாற்றி எழுது.

அன்புடன்,
அப்பா