புளியங்கொட்டை இருந்தால் அனுப்பு

அடையாறு,
மார்ச் 12

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. உன் வீட்டுக்காரருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். கிரிக்கெட் எங்கும் ஓடிப்போகாது. எனக்கு வழக்கமான முழங்கால்தான். படி ஏறினால் முணுமுணுக்கும், இறங்கினால் சண்டைக்கே வரும்.

‘எதைப் பார்த்தாலும் நம்பிக்கை வரவில்லை, பேப்பரைக்கூட நிறுத்திவிட்டேன்’ என்று எழுதியிருந்தாய். அதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாததால்தான் பதிலைத் தள்ளிப்போட்டேன். போன வாரம் ஓர் இடத்துக்குப் போய்வந்தேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். சம்பளத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று போன் செய்தேன். “வீட்டுக்கு வர வேண்டாம் அம்மா, மூன்று மாடி ஏற வேண்டும். நான் பேத்தியோடு அங்கன்வாடியில் இருப்பேன், அங்கே வந்துவிடுங்கள்” என்றார். அவர் இருப்பது கண்ணகி நகரில்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குள் என்ன ஓடியது என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. 2000-இல் கூவம் கரையிலிருந்தும் வேறு பல இடங்களிலிருந்தும் குடிசைகளை அகற்றி, துரைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மக்களைக் குடியமர்த்தினார்களே, அதே இடம். முதலில் கட்டிய வீடுகள் 195 சதுர அடி. நம் திருவல்லிக்கேணி விடுதி அறையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதில் ஒரு குடும்பம். இன்று அங்கே 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்று ஊரே பேசிய காலம் ஒன்று உண்டு.

ஊர் மட்டுமா? நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் அந்த முகவரியோடு வரும் கடன் விண்ணப்பம் கட்டின் அடிக்குப் போய்விடும். அடியில் வைத்த கைகளில் என் கையும் ஒன்று. தள்ளுவண்டி வாங்கப் பத்தாயிரம் ரூபாய் கேட்டு ஒரு பூக்காரி மூன்று முறை வந்தாள். மூன்றாம் முறை, “அதிகாரி ஊரில் இல்லை” என்றேன். அதிகாரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். இத்தனை வருடத்தில் இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

ஆட்டோவில் போனேன். மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்து, கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டித் திரும்பினால், மாடிச் சுவர்களில் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு பெரிய ஓவியங்கள். அவற்றின் அடியில் குடங்கள் வரிசையாக நின்றன. சாக்கடை நாற்றமும் இருந்தது.

அங்கன்வாடி ஓர் அறைதான், ஓரமாகச் சமையலுக்கு ஒரு மூலை. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் கயிறு கட்டியிருந்தார்கள். நான் போனபோது இருபத்திரண்டு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்தன. ஒருவன், “ஊசி போட வந்திருக்கிறார்” என்று அறிவித்தான். உடனே நாலு பேர் அழ ஆரம்பித்தார்கள். என் கைப்பையைத் திறந்து கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் சமாதானம். பையிலிருந்த முழங்கால் தைலம் கைக்குக் கை மாறி ஒரு சுற்றுப் போய்வந்தது.

டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, பாத்திரம் பண்டங்களோடு லாரியில் வந்து இதே இடத்தில் இறங்கியவர். பழைய பள்ளிக்கே பஸ்ஸில் போய்ப் படித்திருக்கிறார். கூடப் போன ஆறு பேரில் நாலு பேர் இரண்டே வருடத்தில் நின்றுவிட்டார்களாம். நாடகமாக இருந்தால் அந்தப் பூக்காரியே இவருடைய அம்மாவாக இருந்திருப்பாள். இல்லை, அம்மா சித்தாள் வேலைக்குப் போனவர். இருந்தாலும் நான் கேட்டுப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அன்று எடை போடும் நாள். ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி, உயரம் பார்த்து, மூன்று நிறம் போட்ட நாடாவை இடது மேல்கையில் சுற்றி அளந்தார். பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு. பன்னிரண்டரை வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. அளந்ததைப் போனில் ஏற்றுகிறார், பிறகு நோட்டிலும் எழுதுகிறார். எதற்கு இரட்டை வேலை என்று கேட்டேன். “போனில் போட்டது மேலே போய்விடும். நோட்டு என்னிடம் இருக்கும். சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போக வரும் அம்மாவிடம் விரித்துக் காட்ட வேண்டாமா?”

நம் அம்மாளின் பேத்திக்கு இரண்டரை வயது. நவம்பரில் ஒன்பது கிலோ அறுநூறு, நாடா மஞ்சளில் நின்றது. தாய் விடியற்காலையில் ஒரு கம்பெனிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவள். பிள்ளை தேநீரில் நனைத்த ரொட்டியிலேயே வளர்ந்திருக்கிறது. டீச்சர் மூன்று மாடி ஏறிப்போய்ச் சத்துமாவு உருண்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒரு நாள் இல்லை, நாலு நாள். மாவுப் பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் இருந்ததைப் பார்த்துச் சண்டையும் போட்டாராம். அன்று எடை பத்து கிலோ ஐந்நூறு. நாடா பச்சைக்குள் வந்தது, அதுவும் ஒரு நூலளவுதான். டீச்சர் சிரிக்கக்கூட இல்லை. எழுதிவிட்டு “அடுத்து” என்றார். கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த பாட்டி மட்டும் நாடாவைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

உனக்கு நினைவிருக்கிறதா, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பித்தபோது விடுதியில் நாம் போட்ட சண்டை? ‘சோற்றுக்காகப் பள்ளிக்கூடமா, கஜானா காலியாகும்’ என்று நான் பொருளாதாரம் பேசினேன். ‘பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்கு அ, ஆ ஏறாது, நீ ஒரு நாள் என் வகுப்புக்கு வந்து பார்’ என்றாய். நான் வரவில்லை. அந்த ஆண்டு இரண்டு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்தல்லவா தொடங்கினார்கள்? இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள். அன்றைய சண்டையில் நீ ஜெயித்தாய் என்று நாற்பது வருடம் கழித்து எழுதித் தருகிறேன், பத்திரப்படுத்திக்கொள்.

பன்னிரண்டு மணிக்குச் சாதமும் கீரைச் சாம்பாரும் முட்டையும். ஆயா கைப்பிடியிலேயே அளவு தெரிந்து போட்டார். ஊசி என்று அறிவித்த பையன் வெள்ளையை முழுவதும் தின்றுவிட்டு, மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் நிறுத்திக் காவல் காத்தான். பிறகு எல்லாரும் தூங்கினார்கள். அந்த அமைதியில் சுவரைப் பார்த்தேன்: ஒரு பேப்பர் படம் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் இளையோர் கபடி அணியில் ஆடிய, இதே கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா. படம் சுவரில் வெகு தாழ்வாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். “அவர்கள் உயரத்துக்கு ஒட்டினேன்” என்றார் டீச்சர்.

கிளம்பும்போது, “ஏதாவது வேண்டுமா?” என்று கேட்டு மணிபர்ஸைத் திறந்தேன், பழைய வங்கிக்காரி அல்லவா. பணம் வேண்டாம் என்றார். கொஞ்சம் தயங்கி, “புளியங்கொட்டை கிடைக்குமா?” என்றார். எண்ணிப் பழகவும், விரலுக்குப் பிடிமானம் வரவும் அதைப்போல் வேறு இல்லையாம். இந்தச் சென்னையில் கடைக்குக் கடை கொட்டை எடுத்த புளிதான், பாக்கெட்டில். அவர் வைத்திருப்பது நாற்பது. காலையில் எண்ணிக் கொடுப்பார், மதியம் எண்ணி வாங்குவார். ஒன்று குறைந்தால் முதலில் மூக்குகளைச் சோதிப்பார்.

உங்கள் கொல்லைப் புளி இந்த வருடம் உடைத்தாயிற்றா? கொட்டையைக் குப்பையில் கொட்டியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். பெரிய கொட்டையாகப் பார்த்துப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து ஒரு தூக்குவாளி நிறைய அனுப்பு. சித்திரையில் உன் மகன் சென்னைக்கு வருகிறானே, அவனிடம் கொடுத்துவிட்டாலும் போதும். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இரண்டாவது முறை போக எனக்கும் ஒரு காரணம் வேண்டும்.

உன் பழைய அறைத்தோழி