ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிநாடாக்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அவர் விட்டுச் சென்ற ஆவணங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தம். எப்போதும் சிரித்த முகம் என்றே அவரை எழுதி முடித்துவிடுகிறோம். 1943 முதல் 1971இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்த நியூயார்க் குவீன்ஸ் வீட்டில் 700 அளவுக்கு ஒலிநாடாக்கள் இருந்தன. நண்பர்களோடு அரட்டை, வீட்டுப் பேச்சு, பிடித்த இசைத்தட்டுகள், அப்புறம் நிறவெறி மீதான கோபம், எல்லாம் அவரே பதிவு செய்தவை. நாடாப் பெட்டிகளையும் அவர் சும்மா விடவில்லை. புகைப்படம், செய்தித்தாள் துணுக்கு, வாழ்த்து அட்டை என்று கத்தரித்து, டேப் போட்டு ஒட்டி, நூற்றுக்கணக்கான பெட்டிகளை அலங்கரித்திருக்கிறார். அந்தச் சிரித்த முகத்தை மட்டும் பார்த்தவர்கள் இவற்றை அவசியம் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் மிஞ்சியதற்கு மனைவி லூசிலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1983இல் அவர் மறைந்தபின் வீடு நகரத்துக்குச் சேர்ந்தது. 2003 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸோ உயிரோடு இருக்கும்போதே தன் கையெழுத்துப் படிகளையும் கடிதங்களையும் யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவந்தார். கறுப்பினக் கலைஞர்களைப் பற்றி அடுத்தவர்களே எழுதிக்கொண்டிருந்த காலத்தில், தங்கள் வாழ்க்கைக்கு இவர்களே சாட்சியம் சேர்த்து வைத்தது மிகப் பெரிய காரியம்.

ஆம்ஸ்ட்ராங் தொகுப்பை டிஜிட்டல் வடிவில் இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், மதுரை