கார்செட்ட உள்பக்கம் திருப்பிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழ்ல பழைய ஐரோப்பிய உடைகள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், அதுல கார்செட் (நெஞ்சுலேர்ந்து இடுப்பு வரைக்கும் நாடா போட்டு இறுக்கிக் கட்டற உடை) போடறதுக்காக பொண்ணுங்க விலா எலும்பையே எடுத்துக்கிட்டாங்கன்னு ஒரு வரி இருந்துச்சு, அத படிச்சதுலேர்ந்து மனசு ஆறல, அதான் எழுதறேன். நான் லண்டன்ல கார்செட்டும் நாடகங்களுக்கு பழங்கால உடைகளும் தனியா தைச்சு குடுக்கறவ, 11 வருஷமா எனக்கு சோறு போடறது இந்த வேலைதான்.

விலா எலும்பு கதைக்கு ஆதாரமே கிடையாது. மயக்க மருந்தே 1840கள்லதான் வந்துச்சு, கிருமி தொத்தாம ஆபரேஷன் பண்ற முறை அதுக்கும் 20 வருஷம் கழிச்சு, இதுல அழகுக்காக எந்தப் பொண்ணு நெஞ்ச கிழிச்சுக்க சம்மதிச்சிருப்பா? ரொம்ப இறுக்கிக் கட்டினவங்க இருந்தாங்க, அத நான் மறுக்கல. ஆனா ம்யூசியத்துல 20 இஞ்ச்னு போட்டிருக்கறது கார்செட்ட மூடி வச்சு எடுத்த அளவு, போடும்போது பின்பக்கம் நாடாவுக்கு நடுவுல 2, 3 இஞ்ச் இடைவெளி விட்டுத்தான் கட்டுவாங்க, போதாததுக்கு பாவாடைக்கு அடில ரெண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு வச்சா இடுப்பு தானா சிறுத்துத் தெரியும். கனமான பாவாடை நாலு அஞ்சு கட்டினா நாடா இடுப்ப அறுக்கும்ல, அந்த பாரத்த தாங்கினதும் கார்செட்தான்.

எங்கம்மா ஈரோட்டுல வீட்டுத் திண்ணைல மெஷின் போட்டு ப்ளவுஸ் தைச்சவங்க. யாராவது அளவு ப்ளவுஸ் கொண்டுவந்தா டேப்ப எடுக்க மாட்டாங்க, முதல்ல அத உள்பக்கம் திருப்புவாங்க, எங்க பிரிச்சு விட்டிருக்கு, எந்த டாட்ட (உடம்பு வளைவுக்காக மடிச்சு தைக்கற இடம்) ரெண்டு தடவ மாத்தி புடிச்சிருக்குன்னு பார்த்தாலே அந்த உடம்பு தெரிஞ்சிடும்பாங்க. கல்யாணமாகி இங்க வந்து ஆல்ட்ரேஷன் கடைல ஜிப் மாத்திட்டு பேன்ட் சுருக்கிட்டு இருந்தப்ப, பக்கத்துல ஒரு நாடகக் குழு 1700கள்ல நடக்கற கதைக்கு உடை கேட்டாங்க, நானும் தைரியமா ஒத்துக்கிட்டேன். ஸ்ட்ரெச் சாட்டின், விறைப்பா நிக்க உள்ள சொருக கடைல கிடைச்ச மெல்லிசு ப்ளாஸ்டிக் பட்டை, இத வச்சு தைச்ச முதல் கார்செட் ஒத்திகைல அரை மணி நேரம்கூட நிக்கல, பட்டை இடுப்புல மடங்கி மேல் முனை துணிய ஓட்டை போட்டு அந்தப் பொண்ணுக்கு அக்குள் கிட்ட செக்கச்செவேல்னு கீறிடுச்சு. அந்தக் கீறல பார்த்த அன்னிக்குதான் இத முறையா கத்துக்கணும்னு முடிவு பண்ணேன்.

ஃபேஷன் காலேஜுக்கு காசு இல்ல, லைப்ரரில ஜேனட் அர்னால்ட் புத்தகம் கிடைச்சுது. அவங்க ம்யூசியம் ம்யூசியமா போயி பழைய உடைகள உள்ளயும் வெளியயும் அளந்து கட்டம் போட்ட தாள்ல வரைஞ்சவங்க, முதல் புத்தகம் 1964ல வந்துச்சு, அவங்க இறந்து 20 வருஷம் கழிச்சு 2018ல கார்செட் மாதிரி உள்ளுடைகளுக்குன்னே ஒரு பாகம் வந்துச்சு. அந்தக் கட்டங்கள பிரவுன் பேப்பர்ல பெருசாக்கி வெட்டி தைச்சுப் பார்த்து, தப்பானா பிரிச்சு, இப்படியே ரெண்டு வருஷம் ஓடுச்சு. 1990ல பிரெஞ்சு ஓவியர் பூஷே படத்த முன்பக்கம் அச்சடிச்சு கார்செட் வடிவமைச்ச இங்கிலாந்து ஃபேஷன் டிசைனர் விவியன் வெஸ்ட்வுட்டும் முதல்ல ப்ரைமரி ஸ்கூல் டீச்சர்தான், பழைய துணிகள பிரிச்சுப் பார்த்து கத்துக்கிட்டவங்க.

இப்ப கிழக்கு லண்டன்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் ம்யூசியம் 2025 மே மாசம் ஒரு ஸ்டோர்ஹவுஸ் திறந்திருக்காங்க, யார் வேணா முன்கூட்டியே புக் பண்ணி 5 பொருள் வரைக்கும் வெளிய எடுத்துக் காட்டச் சொல்லலாம், கட்டணம் கிடையாது. நான் 1780கள் கார்செட் ஒண்ணு கேட்டேன். அங்க இருந்தவங்க மெதுவா விரிச்சு உள்பக்கத்த காட்டினாங்க. கால் இஞ்ச்கூட அகலம் இல்லாத குழாய் குழாயா லினன் துணில வரிசையா கைத்தையல், ஒவ்வொண்ணுக்குள்ளயும் திமிங்கல எலும்பு, பேருதான் எலும்பு, அது திமிங்கலத்தோட வாய்ல சல்லடை மாதிரி தொங்கற தகடு, நம்ம நகம் எந்தப் பொருளோ அதேதான், உடம்புச் சூட்டுக்கு வளைஞ்சு குடுக்கும். நாடா கோக்கற ஓட்டைல உலோக வளையம் இல்ல, காஜா எடுக்கற மாதிரி நூலாலயே சுத்தி தைச்சிருக்கு. அக்குள் ஓரத்துல வேர்வைக் கறை பழுப்பா படிஞ்சு, அங்க மட்டும் லைனிங்க மாத்தி வேற துணி ஒட்டுப் போட்டிருந்தாங்க. யாரோ ஒருத்தி தினம் போட்டு வேலை பார்த்திருக்கா, நைஞ்சதும் சரி பண்ணி மறுபடி போட்டிருக்கா. இத சித்திரவதைக் கருவின்னு எழுதினா எனக்கு வலிக்காதா சார்?

நம்ம ஊர்ல ப்ளவுஸ் தைக்கறவங்க கைல இந்த வேலைக்கு வேண்டியதுல பாதி ஏற்கனவே இருக்கு, லைனிங் வச்சு பிரின்சஸ் கட் சுருக்கமில்லாம உக்கார வைக்கறவங்களுக்கு இது எட்டாத விஷயமே இல்ல. அவங்க படிக்கற பேப்பர்ல இந்த உடைய எப்படி தைச்சாங்கன்னு ஒரு பக்கம் எழுதுங்க, விவரம் வேணும்னா நான் தரேன்.

இன்னொண்ணு, கட்டுரை 1700கள பத்தி, ஆனா போட்டிருந்த படத்துல முன்பக்கம் ஸ்டீல் கொக்கி வரிசையா தெரியுது. அந்த மாதிரி முன்னாடி திறக்கற ஸ்டீல் பட்டைக்கு பிரான்ஸ்ல பேட்டன்ட் எடுத்ததே 1829லதான். விலா எலும்பு வரியோட சேத்து அந்தப் படத்தையும் மாத்திடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி, லண்டன்